வடகடலுக்கு ஓர் அறைத்துணை

முன்பின் தெரியாத இரண்டு பேரை ஒரு சின்ன அறைக்குள் பன்னிரண்டு நாள் மனக்கசப்பில்லாமல் இருக்கவைப்பதுதான் கிறகரியின் வேலை. மொன்றியலின் நகர நடுவில், ஒரு கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில், சின்னக் கப்பல்களில் சொகுசுப் பயணம் ஒழுங்குசெய்யும் கம்பனி ஒன்றில் அவனுக்கு ஜன்னலோரமாக ஒரு மேசை இருந்தது. கோடையில் நோர்வேயும் கிறீன்லாந்தும், மார்கழி தையில் தென்துருவம், இடைப்பட்ட மாதங்களில் ஐரோப்பாவின் ஆறுகளும் பழைய துறைமுகங்களும் என்று அந்தக் கப்பல்கள் வருஷம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தன. ஒரு கப்பலில் நூற்றிருபது பேருக்கு மேல் ஏற்றுவதில்லை. காலைச் சாப்பாட்டுக்கு வெண்ணெய் மட்டும் மூன்று விதம் வைப்பார்கள். ஆனால் தனியாள் அறைகள் நாலே நாலு. அவை ஒன்றரை வருஷத்துக்கு முன்பே போய்விடும். பிறகு தனியாக வருகிறவர்கள் இன்னொருவரோடு அறையைப் பகிரச் சம்மதித்தால்தான் பயணம். யாரை யாரோடு போடுவது என்று தீர்மானிப்பவன் கிறகரி.

பதினாலு வருஷத்தில் அவனுக்கு அது நன்றாகக் கைவந்திருந்தது. குறட்டை விடுவீர்களா என்று அவன் ஒருவரையும் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு உலகத்தில் ஒருவரும் ஆமென்று சொன்னதில்லை. "நீங்கள் குறட்டை விடுவதாக யாராவது குறை சொல்லியிருக்கிறார்களா?" என்று கேட்பான். உடனே உண்மை வந்துவிடும். விடிய எழும்பிக் கோப்பி குடிக்க முதல் கதைப்பீர்களா, ஈரத் துவாயை எங்கே போடுவீர்கள், கோபம் வந்தால் சத்தம் போடுவீர்களா பேசாமல் இருப்பீர்களா என்று எட்டுக் கேள்விகள். ஒருமுறை ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரையும், லாவாலில் பஸ் ஓட்டிய ஒருவரையும் ஒரே அறையில் போட்டான். மேலாளர் தலையில் கை வைத்தார். அந்த இரண்டு பேரும் இன்றைக்கும் சேர்ந்து மீன்பிடிக்கப் போகிறார்கள்.

அவனுடைய சொந்தக் கலியாணம் நாலு வருஷந்தான் ஓடியது. மனைவி ரொறன்ரோவுக்குப் போய்ப் பதினைந்து வருஷமாகிவிட்டது. அந்தக் கலியாணம் செல்லாது என்று கத்தோலிக்கக் கோயிலும் எழுதிக் கொடுத்துவிட்டது. பக்கத்து மேசை ஜென்சி, மன்னார்ப் பிள்ளை, வாய் கொஞ்சம் நீளம்.

"கிறகரி அண்ணை, இந்த எட்டுக் கேள்வியையும் அண்டைக்கு நீங்கள் ரெண்டு பேரும் கேட்டிருந்தால் தப்பியிருப்பியள்" என்று ஒருநாள் சொன்னாள். அவனும் சிரித்தான். வில்லரேயிலுள்ள வீட்டுக்குப் போய்ச் சோற்றைச் சூடாக்கும்போதுதான் அது சுட்டது.

மாசி மாதத்தில் ஒருநாள், வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்த மத்தியானம், ஒரு பெண் அழைத்தாள். பாடமாக்கி வைத்ததைப் போல நிதானமான பிரெஞ்சு. யூன் மாதம் நோர்வேயின் ட்ரொம்சோவிலிருந்து வடக்கே ஸ்வால்பார்ட் தீவுகளுக்குப் போகிற கப்பலில் இடம் வேண்டும், தனியாகத்தான் வருகிறேன், பகிரச் சம்மதம் என்றாள். பெயர் கேட்டான். செலீன் என்றாள். பதிவு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளச் சொன்னபோது மறுமுனையில் எதையெதையோ புரட்டுகிற சத்தம் கேட்டது.

"ஐயோ, இந்தப் பேனையை எங்கை வைச்சனான்" என்று அவள் தமிழில் தனக்குள்ளே சொன்னது தெளிவாக விழுந்தது.

"ஆறுதலாத் தேடுங்கோ. நான் நிக்கிறன்" என்றான் கிறகரி.

புரட்டுகிற சத்தம் சட்டென்று நின்றது. அவள் சிரித்தாள். "கடவுளே! இவ்வளவு நேரமும் நான் பட்ட பாடு. நீங்கள் முதலே சொல்லியிருக்கலாமே அண்ணை."

"நீங்கள் நல்லாத்தான் பிரெஞ்சு கதைக்கிறியள். குழப்புவான் ஏன் எண்டு விட்டிட்டன்."

அவள் கர்க்லாண்டில் தம்பி அன்டனின் வீட்டில் இருந்தாள். அங்கேயே ஒரு கார்டெறியில், பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில், சின்னப் பிள்ளைகளுக்குச் சமைக்கிற வேலை. வயது நாற்பத்தொன்பது. கிறகரியைவிட நாலு வயது குறைவு. கேள்விகளுக்கு மளமளவென்று பதில் வந்தது. குறட்டை இல்லை. கோபம் வந்தால் பேசமாட்டாள். துவாய் கம்பியில்தான் காயும். ஏழாவது கேள்வி, நித்திரை பற்றியது. அங்கேதான் தடங்கியது.

"நான் லைட் போட்டுத்தான் படுப்பன்" என்றாள்.

"சின்ன லைட்டோ?"

"இல்லை. பெரிய லைட். ஆனால் அங்கைதான் யூன் மாதம் இரவே இல்லையாமே அண்ணை. சூரியன் படாதாமே. அப்ப என்ன?"

"சூரியன் படாது, உண்மைதான். அதுக்காகத்தான் கப்பலிலை எல்லா அறைக்கும் தடிச்ச கறுப்புத் திரை போட்டிருக்கு. ஆக்கள் அதை இழுத்து மூடிப்போட்டுத்தான் படுப்பினம்."

"மூடினால் நான் எழும்பித் திறந்திடுவன்" என்றாள் அவள். பகிடிக்குச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து கிறகரி அவளுக்கு ஓர் அறைத்துணை தேடினான். ஒட்டாவாவில் ஒருத்தி கண்ணுக்குப் பட்டி கட்டிக்கொண்டு படுக்கிறேன் என்று சம்மதித்தாள். ஒரு கிழமையில், பட்டி கட்டித் தலையிடிக்கிறது என்று விலகிவிட்டாள். வன்கூவரில் ஓர் ஆசிரியை, வெளிச்சம் என்றதும் போனை வைத்துவிட்டாள். ஒவ்வொருவரும் மறுக்கும்போதும் அதைச் செலீனுக்குச் சொல்லவேண்டியிருந்தது. சொல்ல இரண்டு நிமிஷம் போதும். கதை அரை மணித்தியாலம் போயிற்று. செலீன் கார்டெறியில் கத்தரிக்காயைப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் எப்படிச் சாப்பாட்டில் ஒளிக்கிறாள் என்று சொன்னாள். தென்துருவத்துக்கு ஏழு சோடிச் சப்பாத்தோடு போன கனவானைப் பற்றிக் கிறகரி சொன்னான். ஜென்சி கதிரையைத் திருப்பி அவனைப் பார்ப்பதும், பிறகு ஒன்றும் தெரியாதவளைப் போலத் திரும்புவதுமாக இருந்தாள்.

அப்படி ஒருநாள்தான் செலீன் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னாள்.

"பதினொரு வருஷம் படுக்கையிலை இருந்தவ. அவவுக்கு இருட்டு எண்டால் பயம். லைட்டை நிப்பாட்டினால் அழுவா. நான் அவவின்ரை அறையிலைதான் படுக்கிறது. போன வைகாசியிலை போயிட்டா. இப்ப லைட்டை நிப்பாட்ட ஏலாமல் கிடக்கிறது எனக்கு." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள்: "ஒருநாள் டீவியிலை அந்த இடத்தைக் காட்டினவங்கள். இரவிலும் வெயில். அம்மா சொன்னா, இப்படி ஒரு இடத்திலை என்னைப் பெத்திருக்கக்கூடாதோ எண்டு."

"அப்ப அம்மாவுக்காகப் போறியள்."

"இல்லை அண்ணை. எனக்காகத்தான். எல்லாரும் அம்மாவுக்காக எண்டுதான் நினைக்கினம், நான் மறுக்கிறேல்லை. உண்மை என்ன தெரியுமோ? பன்னிரண்டு நாள் நான் ஒருத்தருக்கும் சோறு தீத்தத் தேவையில்லை. ஒருத்தரையும் பிரட்டிப் படுக்கவைக்கத் தேவையில்லை. ஆரும் கூப்பிட்டால் எழும்பி ஓடத் தேவையில்லை. அதுக்குத்தான் போறன்."

அவள் அதைச் சொன்ன விதம் கிறகரிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அவனுடைய மேசையில் இரண்டு வருஷமாகத் தீராத ஒரு கோப்பு கிடந்தது. மதாம் லாபெர்ஜ், எழுபத்தெட்டு வயது. மருத்துவமனை ஒன்றில் தொலைபேசி இணைப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். பத்தொன்பது வயதில் இரண்டு கண்ணும் முழுதாகப் போய்விட்டன. அவருக்கும் அதே ஸ்வால்பார்ட்டுக்குத்தான் போகவேண்டும். "நான் பார்க்கப் போகவில்லை, மிஸ்யூ கிறகரி" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். "பனிமலை உடைந்து கடலில் விழுகிற சத்தத்தைக் கேட்கவேண்டும். ஆயிரம் வருஷத்துப் பனிக்கட்டி தண்ணீரில் கரையும்போது உள்ளேயிருக்கிற காற்று படபடவென்று வெடிக்குமாம். அதையும் கேட்கவேண்டும்." கம்பனியின் மருத்துவர் ஒரு நிபந்தனையோடு சம்மதித்திருந்தார். ஆபத்து மணி அடித்தால் மதாமை மேல்தளத்துக்குக் கூட்டிவர அதே அறையில் ஒருவர் இருக்கவேண்டும். அந்த ஒருவர் அதற்குக் கையெழுத்திடவேண்டும். கிறகரி பதினொரு பேரிடம் கேட்டுப் பார்த்தான். பதினொரு பேரும் மரியாதையாக மறுத்துவிட்டார்கள். மாதத்துக்கு ஒருமுறை மதாம் அழைப்பார். "இன்னும் ஒருவரும் இல்லையா?" "இல்லை, மதாம்." "நல்லது, அடுத்த மாதம் கூப்பிடுகிறேன். அதற்குள் செத்துவிடமாட்டேன்."

பங்குனி மாதத்தில் ஒரு பின்னேரம், ஜோன்-தலோன் மெற்றோவில் படியேறிக்கொண்டிருந்தபோது அது அவனுக்குத் தட்டுப்பட்டது. வெளிச்சம் எரிந்தால் என்ன, திரை திறந்தால் என்ன, மதாம் லாபெர்ஜுக்கு அது ஒன்றும் செய்யாது. இத்தனை நாளும் இரண்டு கோப்பும் ஒன்றின்மேல் ஒன்று கிடந்திருக்கின்றன! அவன் படியிலேயே நின்றுவிட்டான். பின்னால் வந்தவர்கள் முணுமுணுத்தபடி விலகிப் போனார்கள்.

ஆனால் அடுத்த படியில் கால் வைக்கும்போதே சந்தோஷம் வடிந்துவிட்டது. பதினொரு வருஷம் ஒருவரைப் பார்த்துக் களைத்துப்போனவள், பன்னிரண்டு நாள் யாரையும் பார்க்கத் தேவையில்லை என்று போகிறவள். அவளிடம் போய், ஒரு கண் தெரியாத கிழவியை நீ பார்த்துக்கொள் என்று எந்த வாயால் கேட்பது?

நாலு நாள் அவன் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் மதாம் அழைத்தார். "இன்னும் ஒருவரும் இல்லையா?" "இல்லை, மதாம்" என்றான். இரண்டு வருஷத்தில் அந்த அம்மாவுக்கு அவன் சொன்ன முதல் பொய் அது. பயணிகளின் பெயரைக் கப்பலுக்குக் கொடுக்க இன்னும் ஒரு கிழமைதான் இருந்தது. கொடுக்காவிட்டால் இரண்டு பேருக்கும் இந்த வருஷம் பயணமில்லை. எழுபத்தெட்டு வயதில் அடுத்த வருஷம் என்பது சின்ன விஷயமா? அன்று பின்னேரமே செலீனுக்கு அழைத்தான்.

சுற்றி வளைக்காமல் சொன்னான். மதாம் யார், என்ன நிபந்தனை, எதில் கையெழுத்திடவேண்டும், எல்லாம் சொன்னான். "நீங்கள் மாட்டன் எண்டால் இதோடை விட்டிடுவன். வேறை ஆரையும் தேடுவன்" என்றான்.

"நீங்களுமோ அண்ணை?" என்றாள். குரல் உயரவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. "கோயிலிலை ஆருக்கும் ஏலாமல் போனால், செலீனைக் கூப்பிடுங்கோ. சொந்தத்திலை ஒரு பிள்ளைப்பேறு எண்டால், செலீன் சும்மாதானே இருக்கிறா. என்ரை முகத்தைக் கண்டால் எல்லாருக்கும் ஒரு நோயாளிதான் ஞாபகம் வருது. நீங்கள் என்ரை முகத்தைக்கூடக் காணேல்லை. உங்களுக்கும் வந்திட்டுது."

போன் வைக்கப்பட்டுவிட்டது. கிறகரி ரிசீவரைக் கையில் வைத்தபடி இருந்தான். ஜென்சி ஒரு தேத்தண்ணீர் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். பகிடிக்கு அது நேரமில்லை என்று அவளுக்கும் தெரிந்திருந்தது.

மூன்று நாள் கழித்து, வியாழக்கிழமை காலை, அலுவலகம் திறந்ததும் திறக்காததுமாக அழைப்பு வந்தது.

"அந்த மனிசியோடை நான் ஒருக்கால் நேரிலை கதைக்கலாமோ?" என்றாள் செலீன்.

"கட்டாயம். ஆனால் உங்களுக்கு மனம் இல்லையெண்டால்..."

"நான் ஓம் எண்டு சொல்லேல்லை. பாக்கவேணும் எண்டுதான் சொல்லுறன். அவவைப் பற்றிப் பதினொரு பேர் காணாமலே மறுத்திருக்கினம். நானும் அதைத்தானே செய்தனான். அது சரியில்லை."

சனிக்கிழமை, வில்லரேயில் ஒரு மூலைக் கடையில் சந்திப்பதாக ஏற்பாடு. தெருவோரத்தில் பனி உருகிச் சேறாகக் கிடந்தது. கிறகரி கால் மணித்தியாலம் முந்தியே போய்விட்டான். முதலில் வந்தவள் செலீன். மழைச் சட்டை, ஈரம் படிந்த சப்பாத்து, நரை ஓடிய முடியை இறுக்கி முடிந்திருந்தாள். குரலை வைத்து அவன் கற்பனை செய்திருந்த உருவத்தைவிடச் சிறியவள். கண்ணுக்குக் கீழே நீண்டகால நித்திரையின்மை தெரிந்தது. "கிறகரி அண்ணைதானே" என்று எதிரே இருந்தாள். போனில் அரை மணித்தியாலம் கதைக்கிறவர்கள், சீனிப் பக்கெற்றை ஆளுக்கொன்றாகத் திருப்பிக்கொண்டு இருந்தார்கள்.

மதாம் லாபெர்ஜ் வெள்ளைத் தடியைத் தட்டிக்கொண்டு, மெற்றோவிலிருந்து தனியாகவே வந்து சேர்ந்தார். கிறகரி எழுந்து கையைப் பிடிக்கப் போனான். "வேண்டாம், குரலைக் கொடுங்கள் போதும்" என்று கதிரையைத் தானே கண்டுபிடித்து உட்கார்ந்தார். பிறகு செலீன் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"இருட்டுக்குப் பயப்படுகிற ஆள் நீதானா?" என்றார்.

செலீன் ஒரு கணம் அந்த முகத்தைப் பார்த்தாள்.

"ஒருவருக்கும் வேண்டாத ஆள் நீங்கள்தானா?" என்று அதே பிரெஞ்சில் திருப்பிக் கேட்டாள்.

மதாம் லாபெர்ஜ் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லது. இனி வேலையைப் பேசுவோம்" என்றார்.

இரண்டு பெண்களும் கிறகரியை மறந்துவிட்டுப் பேசினார்கள். என் இறைச்சியை வெட்டித் தரக்கூடாது என்றார் மதாம். என் சப்பாத்தை இடம் மாற்றக்கூடாது. நான் கேட்காமல் கையைப் பிடிக்கக்கூடாது. முக்கியமாக, கண்ணால் காண்பதையெல்லாம் எனக்கு விவரித்துக்கொண்டிருக்கக்கூடாது. அறுபது வருஷமாக எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள், காது வலிக்கிறது. செலீனும் தன்னுடையதைச் சொன்னாள். பெரிய விளக்கு எரியும். நான் தேநீர் கொண்டுவந்து தரமாட்டேன். நித்திரை வந்ததா, மருந்து குடித்தீர்களா என்று கேட்கமாட்டேன். நீங்களும் என்னைக் கேட்கக்கூடாது.

"ஆபத்து மணி அடித்தால்?" என்றார் மதாம்.

"அடித்தால் உங்கள் கையைப் பிடிப்பேன்."

"இல்லை. நான்தான் உன் முழங்கையைப் பிடிப்பேன். அதுதான் முறை. எழும்பு, காட்டித் தருகிறேன்."

அந்தச் சின்னக் கடைக்குள், மேசைகளுக்கு நடுவில், இரண்டு பேரும் வாசல்வரை நடந்து போய்த் திரும்பி வந்தார்கள். பரிமாறுகிற பெண் தட்டுகளோடு சுவரோரம் ஒதுங்கி நின்றாள். இரண்டாவது தரம் நடந்தபோது செலீனின் தோள் இறுக்கம் கொஞ்சம் விட்டிருப்பதைக் கிறகரி கண்டான். வந்து உட்கார்ந்ததும், "பேப்பரைத் தாங்கோ" என்று கையெழுத்திட்டாள்.

பயணிகளை வழியனுப்பப் போகவேண்டிய வேலை அவனுக்கு இல்லை. ஆனாலும் யூன் மாதம் டோர்வால் விமானநிலையத்துக்குப் போனான். செலீனின் தம்பி அன்டனும் வந்திருந்தான். அக்காவைத் தனியே விடுகிற கலக்கத்தில் அவன் சூட்கேசின் பூட்டைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தான். உள்ளே போகமுதல் செலீன் கிறகரியிடம் வந்தாள்.

"பயமா இருக்கு அண்ணை."

"எதுக்கு?"

"தெரியேல்லை. எனக்கெண்டு ஒண்டும் செய்து பழக்கமில்லை."

"போட்டு வாங்கோ. இஞ்சைதான் இருப்பன்" என்றான். அது ஒரு பதிலா என்று வீடு திரும்பும் வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டான்.

கப்பல் எங்கே நிற்கிறது என்று அலுவலகக் கணினியில் தெரியும். பதினாலு வருஷத்தில் அவன் அதைத் தேவையில்லாமல் திறந்ததில்லை. இப்போது விடிய வந்ததும் அதுதான் முதல் வேலை. ட்ரொம்சோவிலிருந்து வடக்கே திறந்த கடல், இரண்டு நாள். காற்று பலமாக இருக்கிறதென்று படத்தில் தெரிந்தது. மூன்றாம் நாள் கப்பல் தீவுகளுக்குள் புகுந்தது. செலீனிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை. அந்தப் பக்கம் தொடர்பு சரியில்லை என்று பயணிகளுக்கு ஆயிரம் தரம் சொன்னவன் அவன்தான். ஆனாலும் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

திரும்பி வந்து இரண்டாம் நாள் செலீன் அழைத்தாள். பார்க் ஜாரியில் குளத்தோரமாக ஒரு மர வாங்கில் சந்தித்தார்கள். வெயிலில் அவள் முகம் கறுத்திருந்தது. மூக்குத் தோல் உரிந்திருந்தது.

"முதல் ரெண்டு நாளும் நான் செத்துப்போனன்" என்றாள். "கடல் அப்படி ஆட்டிச்சுது. பாசையூரிலை பிறந்தனான், எனக்குக் கடல் என்ன செய்யும் எண்டு நினைச்சுப் போனன். தலை தூக்க ஏலாது. சத்தி, சத்தி, சத்தி, வயித்திலை ஒண்டும் நிக்கேல்லை. உப்பிடியே சாவம் எண்டு கிடந்தன்."

"கப்பல் டொக்டர் வரேல்லையோ?"

"வந்தவர். ஊசி போட்டவர். ஆனால் என்னைப் பாத்தது அவர் இல்லை. மதாம்தான்." அவள் கையை மடியில் வைத்து விரல்களைப் பிரித்துப் பிரித்துக் கோத்தாள். "அந்த மனிசிக்குக் கடல் ஒண்டும் செய்யேல்லை. பிடிச்சுப் பிடிச்சு நடந்து, சாப்பாட்டறைக்கு எத்தனை எட்டு எண்டு எண்ணி வைச்சிருந்தவ. தனியப் போய் எனக்கு உப்புப் பிஸ்கட் வாங்கிக்கொண்டு வந்தவ. துவாயை நனைச்சு நெத்தியிலை வைச்சவ. என்ரை முகம் எங்கையெண்டு தடவிப் பாத்து வைச்சவ. நான் வேண்டாம், நீங்கள் படுங்கோ எண்டு சொல்ல, 'வாயை மூடு, நான் உன்னைக் கேட்கவில்லை' எண்டிட்டு இருந்தவ. நான் அழுதன். எனக்குச் சுகமில்லாமல் அழுறன் எண்டு அவ நினைச்சா."

கிறகரி அவள் பக்கம் நன்றாகத் திரும்பி இருந்தான்.

"பதினொரு வருஷம் நான் ஆக்களுக்கு நெத்தி துடைச்சனான். என்ரை நெத்தியை ஒருத்தரும் துடைச்சதில்லை, கிறகரி. அம்மாவைக் குறை சொல்லேல்லை. அவவுக்கு ஏலாது. ஆனால் ஒருத்தரும் இல்லை. அது எவ்வளவு நல்லா இருந்தது தெரியுமோ?"

அவள் அண்ணை என்று சொல்லவில்லை. அவள் கவனித்தாளோ தெரியாது. கிறகரி கவனித்தான். குளத்தில் ஒரு வாத்து நீந்திப் போவதை, அதைப்போல ஒன்றை முன்பு கண்டிராதவன் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு மீதிக் கதையெல்லாம் வந்தது. கடல் அடங்கிய பிறகு ரப்பர் படகில் போனது. நீண்ட தந்தப்பல் வால்றஸ்கள் கரையில் குவிந்து கிடந்து உறுமியது. அந்த நாற்றத்துக்கு மதாம் மூக்கைப் பொத்தாமல் நன்றாக இழுத்து மணந்தது. ஒருநாள் படகோட்டி எஞ்சினை நிறுத்திவிட்டார். எல்லாரும் படம் எடுப்பதை விட்டார்கள். சுற்றி மிதந்த பனிக்கட்டிகள் சோளம் பொரிவதைப் போலப் படபடவென்று வெடித்தன. மதாம் கையுறையைக் கழற்றித் தண்ணீருக்குள் விரலை விட்டுக்கொண்டு அசையாமல் இருந்தார். கன்னத்தால் கண்ணீர் வழிந்தது.

"நான் ஒண்டும் விவரிக்கேல்லை" என்றாள் செலீன். "சொன்ன சொல்லைக் காப்பாத்தினன். பேந்து அவவாத்தான் கேட்டவ, இது என்ன நிறம் எண்டு. நீலம் எண்டன். எந்த நீலம் எண்டா. எனக்குச் சொல்லத் தெரியேல்லை. ரெண்டு பேரும் அப்பிடியே இருந்தம்."

எழும்பும் நேரம் வந்தபோது கிறகரி எழும்பவில்லை. விரல்களைத் திருப்பித் திருப்பிப் பிசைந்துகொண்டிருந்தான்.

"செலீன், இனி உங்கடை கோப்பை நான் பாக்க ஏலாது. ஜென்சியிட்டைக் குடுக்கப்போறன்."

"ஏன்?"

"கம்பனியிலை ஒரு ஒழுங்கு இருக்கு. வாடிக்கையாளரோடை..." அங்கே நின்றுவிட்டது. "உங்களுக்கு விருப்பம் எண்டால், வாற ஞாயிறு பூசை முடிய லஷீன் பக்கம் ஆத்தோரமா நடந்துபோட்டு வருவம் எண்டு நினைச்சன்."

செலீன் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். சிரிப்பு முதலில் கண்ணில்தான் வந்தது. "இதைக் கேக்கவோ இவ்வளவு நேரம் சீனிப் பக்கெற்றைத் திருப்பினமாதிரி விரலைத் திருப்பிக்கொண்டு இருந்தனீங்கள்?" என்றாள்.

அந்த ஞாயிறு போனார்கள். அடுத்த ஞாயிறும் போனார்கள். ஆற்றோரம் இலை பழுத்து உதிர்ந்து பனி விழுந்தபோதும் போனார்கள். நத்தார்ப் பண்டிகைக்குக் கிறகரியை அன்டன் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தான். கேக் வெட்டும்போது, "என்ன அண்ணை, எப்ப?" என்று நேரடியாகவே கேட்டுவிட்டான். கிறகரி செலீனைப் பார்த்தான்.

அவள்தான் பதில் சொன்னாள். "எனக்கு ஓம்தான். ஆனால் முதல்லை நான் ஒரு வருஷம் தனிய இருக்கவேணும். அம்மா வீடு, தம்பி வீடு எண்டு இருந்திட்டன். ஒரு வீட்டைத் திறந்து என்ரை எண்டு உள்ளை போய்ப் பாக்கேல்லை. அதைப் பாத்திட்டு வாறன்." பிறகு கிறகரியின் பக்கம் திரும்பிக் கேட்டாள்: "பொறுப்பீங்களோ?"

"ஐம்பத்துமூண்டு வருஷம் பொறுத்தவனுக்கு ஒரு வருஷம் என்ன?" என்றான் கிறகரி. எல்லாரும் சிரித்தார்கள். அவனுக்குள்ளே சின்னதாக ஒரு வலி இருக்கத்தான் செய்தது. ஆனால் அவள் கேட்டது நியாயம் என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்தது.

வில்லரேயில், அவன் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி, இரண்டாம் மாடியில் ஒரு சின்ன வீடு கிடைத்தது. யூலை முதலாந் திகதி, ஊரே வீடு மாறுகிற நாள். தெரு முழுக்கக் கட்டிலும் பெட்டியும் குளிர்சாதனப் பெட்டியுமாகக் கிடந்தது. செலீனின் வீட்டுக்கு வெளியால் வளைந்து ஏறுகிற இரும்புப் படி. கிறகரியும் அன்டனும் மெத்தையைத் தூக்கிக்கொண்டு பாதிவரை ஏறினார்கள். வளைவில் மெத்தை சிக்கியது. மேலேயும் போகாது, கீழேயும் வராது.

கீழே நடைபாதையில், செலீனின் சாப்பாட்டு மேசைக் கதிரை ஒன்றில், மதாம் லாபெர்ஜ் பெட்டிகளுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தார். "இடது பக்கம் சரியுங்கள்!" என்று கத்தினார். எப்படித் தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. இடது பக்கம் சரித்தார்கள். மெத்தை அசைந்தது.

மேல் வாசலில் செலீன் நின்றாள். தலையில் சீலைத்துண்டைக் கட்டியிருந்தாள். கையில் சாவி. "கவனம் கிறகரி, கம்பியிலை கை நசியப்போகுது" என்றாள். மெத்தையின் மறுமுனையைத் தானே எட்டிப் பிடித்து இழுத்தாள். மூன்று பேருமாக அதை வாசலுக்குள் தள்ளிவிட்டு, வெறும் தரையில் மூச்சிரைக்க இருந்தார்கள். வீட்டில் ஒரு சாமானும் இல்லை. புதுப் பெயின்ற் மணந்தது.

செலீன் எழும்பி, அறை அறையாக நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஒவ்வொரு கதவையும் திறந்து, மூடி, திறந்தாள். குசினிக் குழாயைத் திருப்பித் தண்ணீர் வருகிறதா என்று பார்த்தாள். வந்தது.

"பசிக்குது" என்றாள். "ஆர் போய் என்ன வாங்கிக்கொண்டு வாறது?"

"நான் போறன்" என்று கிறகரி எழுந்தான்.

"இல்லை, நீங்கள் இருங்கோ. களைச்சுப்போனியள்." அவள் படியிறங்கிக் கீழே போனாள். மதாம் லாபெர்ஜ் கதிரையிலிருந்து எழுந்து கையை நீட்டுவதும், செலீன் முழங்கையைக் கொடுப்பதும், இரண்டு பேரும் ஏதோ வாய்ச்சண்டை போட்டபடி மூலைக் கடையை நோக்கி நடப்பதும் ஜன்னலால் தெரிந்தது. அன்டன் பெட்டிகளை மேலே கொண்டுவரப் போனான். கிறகரி மெத்தையைச் சுற்றியிருந்த பொலித்தீனைக் கிழித்து, எந்த அறை என்று அவளே வந்து சொல்லட்டும் என்று மெத்தையைச் சுவரோரமாகச் சரித்து வைத்தான்.